ஸ்டீல் டோ இருந்தால் மட்டும் போதுமா? சேஃப்டி ஷூ விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழையது கிழிந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு புது ஜோடி சேஃப்டி ஷூவைப் பெட்டியோடு பரணில் வைத்திருந்தேன். நாலைந்து வருஷம் ஓடிவிட்டது. ஒருநாள் எடுத்துப் போட்டேன். மேல்தோல் பளபளவென்றுதான் இருந்தது, ஆனால் மத்தியானத்துக்குள் சோல் பொரபொரவென்று உதிர ஆரம்பித்து, நான் நடந்த வழியெல்லாம் கறுப்புத் துணுக்குகள். போலிச் சரக்கு என்று அன்றைக்கு முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன். விஷயம் அதுவல்ல. நிறைய சேஃப்டி ஷூக்களின் சோல் பாலியூரித்தேன் என்கிற ஒருவகை பிளாஸ்டிக்கால் ஆனது, காற்றில் இருக்கிற ஈரமே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும், போடாமல் வைத்திருந்தாலும் சரி. அதனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு மூன்று ஜோடி வாங்கி அடுக்காதீர்கள். வாங்கும்போதே தயாரித்த மாதம், வருஷம் பாருங்கள். ஷூ நாக்கின் உள்பக்கத்திலோ சோலின் அடியிலோ இருக்கும்.

கடைக்குப் போகிற பலரும் கேட்கிற ஒரே கேள்வி, "ஸ்டீல் டோ இருக்கா?" இருக்கிறது என்றதும் வாங்கிவிடுகிறார்கள். கால்விரல்களை மூடுகிற அந்த முன்பக்க இரும்பு மூடி இருக்கிறதா என்பதைவிட அது எவ்வளவு அடி தாங்கும் என்பதுதான் முக்கியம். ஷூவில் ஒரு சர்வதேசத் தர எண் இருக்கும்; ஐஎஸ்ஓ 20345 என்று போட்டிருந்தால் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும், அதாவது 20 கிலோ எடை சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அளவு. 20346 என்றால் அதில் பாதிதான். 20347 என்றால் மூடியே கட்டாயமில்லை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெளியே ஒரே மாதிரி இருக்கும், எண்ணைப் படித்தால்தான் தெரியும்.

இரும்பு மடங்கி விரலை வெட்டிவிடும் என்று ஒரு பேச்சு சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த மூடியையே மடக்குகிற கனம் வெறும் விரலில் விழுந்தால் என்ன மிச்சமிருக்கும் என்று யோசித்தால் போதும். ஆனால் ஒருமுறை பலமாக அடி வாங்கிய ஷூவைத் தொடர்ந்து போடுவது நிஜமான தவறு. தோலில் கீறல்கூட இருக்காது, உள்ளே மூடி அமுங்கியிருக்கும்.

சரி, அளவுக்கு வருவோம். அதிகம் பேர் கால் கெடுவது இங்கேதான். காலையில் கடைக்குப் போய் மெல்லிய சாக்ஸோடு போட்டுப் பார்த்து, கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் போகப் போக இளகிவிடும் என்று வாங்கி வருவார்கள். தோல் இளகும், இரும்பு இளகாது. நாள் முழுக்க நின்றால் கால் வீங்கும், அதனால் சாயங்காலம் போங்கள், வேலைக்குப் போடுகிற அதே சாக்ஸோடு. லேஸைக் கட்டாமல் காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். அப்புறம் கடையிலேயே குத்தவைத்து உட்காருங்கள், யாராவது பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை. டைல்ஸ் ஒட்டுகிறவரும் பிளம்பரும் பாதி நாள் அப்படித்தான் இருக்கிறார்கள். கால் மடங்கும்போது மூடியின் பின் விளிம்பு விரல்களின் மேல் அழுத்துகிறதா என்று நின்றபடி பார்த்தால் தெரியவே தெரியாது, மூன்றாம் நாள் அந்த இடத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்த பிறகுதான் தெரியும்.

எல்லா வேலைக்கும் ஒரே ஷூ என்பதும் நடக்காது. எலக்ட்ரீஷியன்கள் இதைக் கவனமாகப் படிக்கவும்: 'ஆன்டிஸ்டாடிக்' என்று போட்டிருப்பது ஷாக் அடிக்காமல் காப்பாற்றும் என்று அர்த்தமில்லை. உடம்பில் சேருகிற நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்கிவிடத்தான் அது, அதாவது கொஞ்சம் மின்சாரம் கடக்க வேண்டும் என்றே செய்தது. மின்சாரத்தைத் தடுக்கிற ஷூ தனி ரகம், அதுவும் நனைந்துவிட்டால் நம்ப முடியாது. ஆணி, கம்பித் துண்டு கிடக்கிற இடத்தில் வேலை என்றால் அடியில் தகடு வேண்டும், ஷூவில் போட்டிருக்கிற ரகக் குறியீட்டில் எஸ்1 போதாது, எஸ்1பி அல்லது எஸ்3 பாருங்கள்.

கான்கிரீட் போடுகிறவர்கள் தோல் ஷூவோடு கலவைக்குள் இறங்குவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஈர சிமெண்ட் கடுமையான காரம், அது ஷூவுக்குள் போய் சாக்ஸில் ஊறினால் காலின் தோலை அரிக்கும், வலி உடனே தெரியாது என்பதுதான் மோசம். சாயங்காலம் கழற்றும்போது தோல் வெந்திருக்கும். அந்த வேலைக்கு முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ்தான். வெல்டர்கள் பேன்டை ஷூவுக்குள் சொருகாதீர்கள், தீப்பொறி வழுக்கிக்கொண்டு நேராக உள்ளேதான் போகும்.

நனைந்த ஷூவை அடுப்புப் பக்கத்திலோ கொளுத்துகிற வெயிலிலோ காய வைப்பது அடுத்த தவறு. தோல் சுருங்கி வெடிக்கும், சோல் ஒட்டின இடம் விட்டுப்போகும். உள் அட்டையை உருவி வெளியே வையுங்கள், உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, அது ஈரமானதும் மாற்றுங்கள். முடிந்தால் இரண்டு ஜோடியை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். (பரணில் ஏற்றாமல், இரண்டையும் போடுங்கள்.) வியர்வை காய ஒரு ராத்திரி போதாது.

ஷூவின் மூக்கில் தோல் தேய்ந்து இரும்பு தெரிந்தாலோ, சோலின் பள்ளங்கள் மழமழவென்று ஆகிவிட்டாலோ அதோடு விட்டுவிடுங்கள். தூக்கிப் போடுவதற்கு முன்னால் லேஸை உருவிவிட்டு மேல்தோலில் கத்தியால் நீளமாக ஒரு கீறு போட்டுவிடுங்கள். இல்லையென்றால், நன்றாகத்தானே இருக்கிறது என்று யாராவது எடுத்து மாட்டிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவார்.