பந்து ஒரு பக்கம், இடி ஒரு பக்கம்: அமெரிக்கக் கால்பந்து நடுவர்களுக்கு முதல் பாடம்

2002 நவம்பரில் டாம்பா பேயில் நடந்த ஆட்டம். கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் பாஸை டாம்பா பே வீரர் பிடித்துக்கொண்டு ஓடினார். அந்த ஓட்டத்துக்கு எட்டாத இடத்தில் மெதுவாக வந்துகொண்டிருந்த பேக்கர்ஸ் வீரர் சாட் கிளிஃப்டனை டாம்பா பே வீரர் வாரன் சாப் வேகமாக வந்து இடித்துச் சாய்த்தார். இடுப்பில் பலத்த காயம்; கிளிஃப்டனுக்கு அந்த சீசனே முடிந்தது. குற்றம் என்று காட்ட நடுவர் வீசும் கொடி விழவில்லை. அன்றைக்கு அது செல்லுபடியான பிளாக், அதாவது பந்து கையில் இல்லாத எதிராளியை மறித்துத் தள்ளுவது. இன்றைக்கு அதே இடி 15 யார்டு தண்டனை.

ஆட்டத்துக்குத் தேவையே இல்லாத இப்படிப்பட்ட இடிகளைத் தவறவிடாமல் பிடிப்பது எப்படி என்று வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: பந்தை விடுங்கள்

புதிய நடுவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ரசிகர் மாதிரி பந்தின் பின்னாலேயே கண் ஓடிவிடும். என்எஃப்எல்லில் (அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்) களத்தில் ஏழு நடுவர்கள், கல்லூரி ஆட்டத்தில் பெரும்பாலும் எட்டு, பள்ளி ஆட்டங்களில் பல இடங்களில் ஐந்தே பேர். 22 வீரர்களை இவர்கள் பங்கு போட்டுக்கொண்டுதான் பார்க்க முடியும். பந்து உங்கள் பகுதியைத் தாண்டிவிட்டால் அது வேறொருவர் பொறுப்பு. பின்தங்கி நிற்கும் வீரர்கள் உங்கள் பொறுப்பு.

பாஸ் கையைவிட்டுப் போன பிறகும் ரெஃப்ரி (தலைமை நடுவர்) பாஸ் எறிந்த குவாட்டர்பேக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இன்டர்செப்ஷன் ஆனால், அதாவது பாஸை எதிரணி பிடித்துவிட்டால், இன்னும் கவனம் தேவை, ஏனென்றால் பழி தீர்க்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் எதிரணிக்குக் கிடைக்காது. பந்து கைமாறிய பின் குவாட்டர்பேக்கைத் தற்காத்துக்கொள்ள இயலாத வீரராகவே என்எஃப்எல் விதி கருதுகிறது. பந்தை உதைத்தவருக்கும் திரும்பி வரும் ஓட்டத்தின்போது அதே பாதுகாப்பு உண்டு.

எல்லைக்கோட்டு நடுவருக்கு ஒரு குறிப்பு. ஓடுபவர் கோட்டைத் தாண்டி வெளியே போனால் அவர் வெளியேறிய இடத்தைக் குறித்துக்கொண்டு அங்கேயே நில்லுங்கள். பார்வை மட்டும் ஓடுபவரோடும் அவரைத் துரத்தி வந்தவரோடும் பெஞ்ச் வரை போகட்டும். குனிந்து பந்தை எடுக்கப் போனால் முதுகுக்குப் பின்னால் அடிதடி நடக்கும். பந்தை வேறொரு நடுவர் கொண்டு வருவார்.

படி 2: பந்து உயிரோடு இருந்ததா?

ஆட்டத்தை நிறுத்துவது விசில் அல்ல. ஓடுபவர் கோட்டுக்கு வெளியே கால் வைத்த நொடியிலேயே டெட் பால்தான்; அந்த ஓட்டம் முடிந்தது, பந்து இனி உயிரோடு இல்லை. விசில் அதை ஊருக்கு அறிவிக்கிறது, அவ்வளவே. அதனால் "விசில் கேட்கவில்லை" என்ற சாக்கை அப்படியே ஏற்க வேண்டாம். அதே சமயம், ஏற்கெனவே பாய்ந்து காற்றில் இருப்பவரால் நிற்க முடியாது. இரண்டு எட்டு வைக்க நேரம் இருந்தும் நிற்காமல் வந்து இடித்தாரா என்று பாருங்கள்.

படி 3: மூன்று கேள்விகள்

இடி வாங்கியவர் ஓடுபவரை எட்டிப் பிடித்திருக்க முடியுமா? இத்தனை யார்டு தள்ளியிருந்தால் குற்றம் என்று விதியில் அளவு கிடையாது. 10 யார்டு பின்னால் இருந்தாலும் குறுக்கே ஓடிப் பிடிக்கக்கூடியவர் ஆட்டத்தில்தான் இருக்கிறார். 5 யார்டு தள்ளி இடுப்பில் கைவைத்து நிற்பவர் இல்லை.

இடி வருவதை அவர் எதிர்பார்த்திருக்க நியாயம் உண்டா?

மூன்றாவது, அவ்வளவு பலம் தேவைப்பட்டதா? குறுக்கே நின்று மறித்தாலே வேலை முடிந்திருக்கும் என்றால், தோளால் இடித்துத் தூக்கி எறிந்தது வீண் முரட்டுத்தனம். இடித்தவர் தன் சொந்த எண்ட் லைனை (தன் பக்கத்துக் களத்தின் கடைசிக் கோடு) நோக்கியோ அதற்கு இணையாகவோ ஓடிவந்து, தலைக்கவசம், முன்னங்கை, தோள் இவற்றால் பலமாக மோதினால் அது பிளைண்ட்சைடு பிளாக். என்எஃப்எல் 2019-இல் அதைத் தடை செய்தது. பள்ளி விதிகளில் அத்தகைய பிளாக்கை விரித்த கைகளால் தொடங்கினால் குற்றமில்லை.

சத்தத்தை நம்பாதீர்கள். தோள்கவசங்கள் மோதினால் நேர்மையான டேக்கிளும் (ஓடுபவரைப் பிடித்துச் சாய்ப்பது) இடி மாதிரிதான் கேட்கும். ஒருவர் விழுந்து கிடப்பதை மட்டும் பார்த்துவிட்டுக் கொடியை எடுக்கவும் கூடாது. மோதலின் தொடக்கம், நடு, முடிவு மூன்றும் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பதிலடி கொடுத்தவர் மட்டும் மாட்டிக்கொள்வது இதனால்தான்: முதல் தள்ளல் நடந்தபோது நடுவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படி 4: கொடி, எண், இடம்

கொடி போட்டவுடன் மனதில் பதிய வேண்டியவை: எந்த அணி, எந்த எண், எந்த யார்டு கோடு, பந்து உயிரோடு இருந்ததா இல்லையா. எண்ணைச் சொல்ல முடியாமல் ரெஃப்ரி முன்னால் விழிப்பது பரிதாபமான காட்சி. தலைக்கு மேல் ஒரு மணிக்கட்டால் மற்றதை அடித்துக் காட்டுவது இந்தக் குற்றத்துக்கான சைகை.

படி 5: தண்டனையைக் கணக்கிடுதல்

படி 2-ஐ அவ்வளவு வலியுறுத்தியது இதற்காகத்தான். ஓர் அணி பந்தை இடைமறித்துத் தன் பக்கத்து 20 யார்டு கோட்டிலிருந்து நடுக்கோடான 50 வரை ஓடுகிறது. அதே அணி வீரர் தன் பக்கத்து 40-இல் தேவையில்லாமல் ஒருவரை இடிக்கிறார். ஓட்டம் முடியுமுன் இடித்திருந்தால் 40-இலிருந்து 15 யார்டு பின்னால், அதாவது 25-இல் ஆட்டம் தொடங்கும். ஓட்டம் முடிந்த பிறகு இடித்திருந்தால் 50-இலிருந்து கணக்கு, 35-இல் தொடங்கும். அந்த ஓட்டம் டச்டவுனில் (பந்தோடு எதிரணியின் கோல் கோட்டை எட்டிப் புள்ளி பெறுவது) முடிந்திருந்தால் முதல் வகையில் டச்டவுனே ரத்து. இரண்டாம் வகையில் புள்ளிகள் நிற்கும், தண்டனை அதே போட்டியில் அடுத்து நடக்கும் முயற்சிக்கோ உதைக்கோ போகும்.

தடுக்கும் அணி இடித்தால் என்எஃப்எல்லிலும் கல்லூரியிலும் 15 யார்டோடு புதிய முதல் டவுனும் (முன்னேறக் கிடைக்கும் முயற்சிகள் மறுபடி முதலிலிருந்து) தானாகக் கிடைக்கும். பள்ளி விதிகளில் சாதாரண இடிக்கு அந்தச் சலுகை கிடையாது. குவாட்டர்பேக்கை, உதைப்பவரை முரட்டுத்தனமாக இடிப்பது போன்ற சிலவற்றுக்கு மட்டுமே. பள்ளியோ கல்லூரியோ என்எஃப்எல்லோ, கொடூரமான இடி என்று நீங்கள் தீர்மானித்தால் அந்த வீரரை வெளியேற்றலாம்.

கொடிக்கு வேலை வைக்காமலே பாதி இடிகளைத் தடுக்கவும் முடியும். வேகம் குறையாமல் வருபவரைப் பார்த்து "முடிஞ்சுபோச்சு, விடு!" என்று எண்ணைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். நடுவர் தன்னைத்தான் பார்க்கிறார் என்று தெரிந்தால் பெரும்பாலானவர்கள் கையை இறக்கிவிடுவார்கள்.