முன்னால் போகும் வண்டியைப் பார்த்து வேகம் பிடிக்காதீர்கள்

தக்கலையில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து வருகிறேன். உரிமம் வாங்கி ஒரு மாதமே ஆன ஒரு மாணவி, காவல்கிணறு வரை கூட வரும்படி சென்ற வாரம் அழைத்திருந்தார். தோவாளை தாண்டியதும் பார்த்தேன், முள் 90இல் நின்றது. "ஏனம்மா இவ்வளவு வேகம்?" என்றேன். "எல்லாரும் இப்படித்தானே போகிறார்கள், சார்!" என்றார். இருபது வருடங்களுக்கு முன்பு இதே சாலையில் என் அம்மாவுக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன். சீட் பெல்ட், செல்போன், குடி பற்றியெல்லாம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாரும் போகிற வேகத்தில் போவது

முதலில் சட்டம். மத்திய அரசின் 2018 அறிவிக்கைப்படி, நடுவில் தடுப்புள்ள நான்குவழிச்சாலையில் காருக்கு உச்சவேகம் 100, பஸ்ஸுக்கு 90, லாரிக்கு 80. தடுப்பில்லாத சாதாரணச் சாலையில் காருக்கு 70, மற்ற இரண்டுக்கும் 60. இதற்கும் குறைவான எண்ணைப் பலகையில் எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. 'எல்லாரும் போனார்கள், நானும் போனேன்' என்பதைச் சட்டம் ஏற்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, வேகம் மீறிய காருக்கு அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை.

அபராதத்தைக் கட்டிவிடலாம். நான் கொடுத்த விலை வேறு.

அது ஆடி மாதம். அப்பாவின் பழைய மாருதியில் அம்மாவை உட்காரவைத்துத் திருநெல்வேலிக்குப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு ஆம்னி பஸ் 90இல் போனது. அதன் பின்னால் ஒட்டிக்கொண்டேன். ஆரல்வாய்மொழிக் கணவாயின் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பஸ்ஸின் மறைவில் அந்தக் காற்றுகூடத் தெரியவில்லை, சுகமாக இருந்தது. முப்பந்தல் காற்றாலைகளின் பக்கம் ஏத்தன் வாழைக்குலை ஏற்றிய லாரி ஒன்று டயர் வெடித்துச் சாலையோரம் பாதி ஏறி நின்றிருந்தது. உயரத்தில் உட்கார்ந்திருக்கும் பஸ் ஓட்டுநர் அதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார், வலப்பக்கம் வளைத்துப் போய்விட்டார். பஸ் விலகிய பிறகுதான் லாரியை நான் பார்த்தேன். அதே நொடியில் காற்றும் வண்டியைத் தள்ளியது. பிரேக்கை மிதித்தேன், போதவில்லை.

90 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 25 மீட்டர். எனக்கும் பஸ்ஸுக்கும் இடையே இருந்தது 20 மீட்டர்கூட இருக்காது. கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கைத் தொடவே ஒரு வினாடி ஆகும்.

அம்மாவின் மணிக்கட்டு முறிந்தது. இன்றும் அந்தக் கையால் அவர் தண்ணீர்க் குடம் தூக்குவதில்லை. வண்டி இரும்பு விலைக்குப் போனது. பஸ் நிற்கவேயில்லை. நின்றிருக்க வேண்டும் என்று நான் சொல்லவும் மாட்டேன். அந்த ஓட்டுநரை நம்பித்தான் நான் ஓட்டினேன், ஆனால் பின்னால் நான் வந்ததே அவருக்குத் தெரிந்திருக்காது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

மாணவர்களுக்கு நான் போட்டுக்காட்டும் கணக்கு ஒன்று உண்டு. காய்ந்த சாலை, நல்ல பிரேக். 80இல் வரும் கார் தடையைக் கண்டு நிற்க ஏறத்தாழ 58 மீட்டர் வேண்டும். அதே இடத்தில் தடையைக் கண்ட 100 கி.மீ. கார், அந்த 58ஆவது மீட்டரில் இன்னும் 65க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். முதல் கார் நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது கார் மோதும். வேகத்தில் 20தான் வித்தியாசம்.

இதில் மிச்சமாவது எவ்வளவு? 20 கி.மீ. தூரத்தை 60இல் போனால் இருபது நிமிடம், 80இல் போனால் பதினைந்து.

கூட்டத்தோடு போவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. எல்லாரும் 80இல் போகும்போது ஒருவர் மட்டும் 40இல் ஊர்ந்தால் பின்னால் வருபவர்களுக்கு ஆபத்துதான். ஆனால் கூட்டம் உங்கள் வேகத்தைக் குறைக்கத்தான் காரணமாகலாம், பலகை எண்ணைத் தாண்ட அல்ல. தோவாளைப் பூச்சந்தையிலிருந்து விடியற்காலையில் வேன்கள் சாலையில் ஏறும்போது எல்லாரும் 30க்கு இறங்கினால் நீங்களும் இறங்குங்கள். பலகையில் என்ன எண் இருந்தாலும் சரி.

வலது தடத்தைப் பிடித்துக்கொள்வது

'நான் சட்டப்படி போகிறேன்' என்று நான்குவழிச்சாலையின் வலது தடத்தை விடாமல் போகிறவர்களும் தவறுதான் செய்கிறார்கள். வலது தடம் முந்துவதற்கு. முந்தியதும் இடப்பக்கம் வந்துவிடுங்கள்.

மழையிலும் அதே வேகம்

பலகை எண் காய்ந்த சாலைக்கு. சாரல் விழுந்தாலே குறையுங்கள்.

மார்த்தாண்டம் மேம்பாலம்

இறங்கிய பிறகல்ல, இறங்கும் முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

பின்னால் ஹார்ன் அடிப்பவருக்குப் பயப்படுவது

நாகர்கோவில்–களியக்காவிளை சாலையில் புதியவர்களை அதிகம் பதற வைப்பது இதுதான். பின்னால் டிப்பர் லாரி விளக்கை அடித்து அடித்து அணைக்கும். உடனே கால் ஆக்சிலரேட்டரை அழுத்திவிடும். அழுத்தாதீர்கள். இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டு, அகலமான இடமாகப் பார்த்து ஒதுங்கி, அந்த லாரியைப் போக விடுங்கள். அன்று திரும்பி வரும்போது அந்த மாணவி வில்லுக்குறியில் அப்படித்தான் செய்தார். லாரி போன பின்பு, நான் சொல்லாமலே, கண்ணாடியைப் பார்த்துவிட்டு மெதுவாக மறுபடி சாலையில் ஏறினார். முள் 50இல் இருந்தது.