வீட்டு மருந்தில் நாம் விடும் பிழைகள்

2017ஆம் ஆண்டு டெங்கு இலங்கையை உலுக்கிய நேரம். அந்த ஒரு வருடத்தில் மட்டும் 186,000 பேருக்கு மேல் நோயாளிகளாகப் பதிவானார்கள். வெள்ளவத்தையில் எங்கள் கீழ்வீட்டு அன்ரி, மகனுக்குக் காய்ச்சல் தொடங்கிய அன்றே பப்பாசி இலை தேடி அலைந்தார். காம்பு நீக்கி, உரலில் இடித்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, காலையும் மாலையும் இரண்டு மேசைக்கரண்டி. கசப்புத் தாங்காமல் பிள்ளை சத்தி எடுத்தான். மறுபடியும் பிழிந்து கொடுத்தார். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. "இலை கேட்டிட்டுது" என்று அவர் சொன்னபோது நானும் நம்பினேன். அன்று பின்னேரம் பிள்ளையின் கைகால் சில்லிட்டது, வயிறு நொந்தது, காலையிலிருந்து மூத்திரமும் போகவில்லை. தூக்கிக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடினோம். பிழைத்துவிட்டான். அந்த நாலு நாளில் ஒரு தடவைகூட இரத்தம் சோதிக்கவில்லையே என்பது இன்றும் என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பாகம் கசியத் தொடங்குவது அப்போதுதான். பப்பாசி இலைச்சாறு குடித்தவர்களுக்குப் பிளேட்லெட், அதாவது இரத்தம் உறைய உதவும் நுண்ணணுக்கள், கொஞ்சம் விரைவாக ஏறியதாகச் சில ஆய்வுகள் உண்டு. அந்தக் கசிவை அது நிறுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆகவே காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் எஃப்.பீ.சீ. சோதனை செய்தே ஆகவேண்டும். காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், அதுவும் அளவாக. அஸ்பிரின், இபுப்ரொபன், டைக்ளோபெனக் வேண்டவே வேண்டாம். அவை இரத்தக்கசிவைக் கூட்டும். கஞ்சி, இளநீர், ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல் நல்லது. பீட்ரூட் சாறு, கோப்பி போன்ற சிவப்பு, மண்ணிறப் பானங்களைத் தவிருங்கள். பிள்ளை சத்தி எடுத்தால் அது இரத்தமா, குடித்த சாறா என்று வைத்தியருக்கே தெரியாமல் போய்விடும்.

இவ்வளவும் சொல்வதால் வீட்டு மருந்துக்கு நான் எதிரி என்று நினைக்க வேண்டாம். புறக்கோட்டை கேபோஸ் லேனில் நுழைந்தால் வரும் அந்த மூலிகை மணத்தில் வளர்ந்தவள் நான். தடிமன் என்றால் எங்கள் வீட்டிலும் மல்லி வறுத்து, வேர்க்கொம்பு தட்டிப் போட்டு அவிப்போம். தொண்டைக்கு இதம், உடம்புக்கு நீர், நல்ல நித்திரை. சிங்களச் சகோதரர்கள் பற்பாடகம், கண்டங்கத்தரி, மரமஞ்சள், மல்லி, இஞ்சி ஐந்தையும் சேர்த்துப் பஸ்பங்குவ அவிக்கிறார்கள். சிக்கல் பொருளில் இல்லை, அளவில் இருக்கிறது. கறிச்சட்டியில் ஒரு சிட்டிகையாக விழும் வரைக்கும் அது சாப்பாடு. அதையே பிழிந்து, வற்றக் காய்ச்சி, வெறும் வயிற்றில் கோப்பை கோப்பையாகக் குடித்தால் மருந்து. மருந்தென்றால் பக்கவிளைவும் உண்டு.

கொரோனா காலத்தில் இதைக் கண்ணாரக் கண்டோம். எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் கொடியை மாதக்கணக்கில் குடித்த சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதை மும்பை வைத்தியர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். நட்சத்திரப்பழம் எனப்படும் காமரங்காய் இன்னொன்று. முற்றத்தில் காய்க்கும் பழம்தானே என்று நிறையச் சாறு பிழிந்து குடித்து, சிறுநீரகம் பழுதான நோயாளிகளை இலங்கை வைத்தியர்களே பார்த்திருக்கிறார்கள். அதிலுள்ள ஒக்சலேற் சிறுநீரகத்தில் போய்ப் படிகிறது. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் ஒரு துண்டும் தொடக்கூடாது. மஞ்சள் இரசத்திலும் பாலிலும் இருப்பது நல்லதே. ஆனால் வார்பரின் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை எடுப்பவர்கள் மஞ்சள் கப்சியூலை வைத்தியரிடம் கேளாமல் தொடங்கக்கூடாது.

2020 டிசம்பரில் கேகாலையில் தேனும் சாதிக்காயும் சேர்த்த பாணி மருந்து ஒன்று கொரோனாவைத் தடுக்கும் என்று பரவியபோது, அதை வாங்க ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். அதைப் பகிரங்கமாகக் குடித்துக் காட்டிய அப்போதைய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று உறுதியானது. அங்கே போன முதியவர்களை நினைத்துத்தான் எனக்கு அதிக கவலை. தேனும் சாதிக்காயும் அவர்களைக் கெடுக்கவில்லை. இனித் தொற்றாது என்ற தைரியம் அவர்களை அந்தக் கூட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தியது.

எதிர்ப்புச் சக்தியைத் தண்ணீர்த் தாங்கி மாதிரி, ஊற்ற ஊற்ற நிரம்பும் ஒன்றாக நினைப்பதும் பிழையே. அளவுமீறி வேலை செய்யும் எதிர்ப்புச் சக்திதான் ஒவ்வாமையும், உடம்பு தன்னையே தாக்கும் லூபஸ் போன்ற வருத்தங்களும். சிறுநீரகம் மாற்றியவர்கள் அந்தச் சக்தியை அடக்கவே குளிசை விழுங்குகிறார்கள். அவர்களுக்கு "சக்தி கூட்டும்" கசாயத்தை அன்பாகக் கொடுப்பது ஆபத்து.

சீனி வருத்தக்காரர் உள்ள வீடுகளில் இன்னொன்றைக் காண்கிறேன். "சீனி போடவில்லை, பனங்கட்டிதான்" என்பார்கள். காலையில் தெருவோரம் விற்கும் இலைக்கஞ்சியோடும் ஒரு துண்டு கருப்பட்டி. வல்லாரையும் சாத்தாவாரியும் அருமையான இலைகள். ஆனால் பனங்கட்டி, கருப்பட்டி, தேன் எல்லாமே இரத்தத்தில் சீனியை ஏற்றத்தான் செய்யும். இரத்தத்தில் சீனி கூடக் கூட, தொற்றோடு போராடும் வெள்ளணுக்கள் சோர்ந்து போகும். தேனில் இன்னொரு கண்டிப்பு: ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டும் தடவாதீர்கள். பொட்டுலிசம் என்ற நஞ்சு நோய் வரலாம்.

விற்றமின் சி என்றதும் பலர் ஃபார்மசியில் 1,000 மில்லிகிராம் கரையும் குளிசை வாங்குகிறார்கள். வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 100 மில்லிகிராமும் தேவையில்லை. மிச்சம் மூத்திரத்தோடு போகும், அளவு மீறி நீண்ட நாள் எடுத்தால் சிறுநீரகக் கல்லும் வரலாம். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, தோடம்பழத்தைப் போல் நாலு மடங்கு. வல்லாரையைச் சூடு காட்டாமல் அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டு, பரிமாறும் நேரத்தில் தேசிக்காய் பிழியுங்கள். கொதிக்கும் சொதிக்குள் பிழிந்தால் விற்றமினில் ஒரு பங்கு சூட்டிலேயே அழிந்துவிடும்.

வருத்தக்காரருக்குப் பத்தியம் என்று பாணும் தேத்தண்ணியுமாக ஒரு கிழமை ஓட்டுகிறோமே, எனக்கு அதுதான் மிகவும் வலிக்கிறது. கிருமியை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் புரதத்தால் ஆனவை. நோய் வந்த நேரத்தில் முட்டையையும் மீனையும் நிறுத்தினால் உடம்பு எதைக்கொண்டு அவற்றைச் செய்யும்? காரம் குறைத்து ஒரு நெத்தலிச் சொதி, குழைய அவித்த பருப்பு, அவித்த முட்டை போதும். மாமிமார் கண்டிப்பார்கள்தான். சமாளித்துக் கொடுங்கள்.

கூடவே முருங்கையிலை வறை வையுங்கள், இரும்புச் சத்துக்கு. சாப்பிட்டுக் கை கழுவியதும் பிளேன்ரீ கேட்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். அதிலுள்ள தனின் அந்த இரும்பை உடம்பு உறிஞ்ச விடாமல் தடுக்கும். தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் கழித்து ஊற்றுங்கள்.