முதிய சர்க்கரை மேப்பிள் மரத்தை மாதிரியாகப் பதிவு செய்ய

அமெரிக்காவின் வெர்மான்ட், கனடாவின் ஒன்டாரியோ பகுதிகளில் பண்ணைப் பாதையோரம் நிற்கும் முதிய சர்க்கரை மேப்பிள் மரத்தை (ஏசர் சாக்கரம்) உலர்தாவர மாதிரியாக (அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிய கிளையாக) பதிவு செய்ய விரும்புவோர், உரிமையாளரின் அனுமதி பெற்றதும், கிளையை வெட்டுவதற்கு முன்பே குறிப்பேட்டைத் திறப்பது நல்லது. ஏனெனில் மரத்தின் உயரம், பட்டையின் பிளவுகள், சாறு எடுக்க முன்பு இட்ட துளைகளின் வடுக்கள் ஆகியவற்றுள் எதுவும் தாளில் ஒட்டிய கிளையில் தெரியாது. அடிமரச் சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளந்து, அளந்த உயரத்தையும் சேர்த்து எழுதுங்கள், ஏனெனில் அமெரிக்காவில் 1.37 மீட்டரில் அளப்பதே வழக்கம்.

இலைக்காம்பை அங்கேயே முறித்துப் பார்ப்பது மிக முக்கியம். வெண்பால் கசிந்தால் அது பெரும்பாலும் சாலையோரங்களில் நடப்படும் நார்வே மேப்பிளாக இருக்கும். சர்க்கரை மேப்பிளின் சாறு தெளிவானது, உலர்ந்த பின் இந்த வேறுபாட்டைக் காண இயலாது. இலை மடல்களுக்கு இடையேயுள்ள வளைவு உருண்டையாகவும் விளிம்பு ரம்பப் பற்களின்றியும் இருந்தால், சிவப்பு மேப்பிள் என்ற ஐயமும் நீங்கும்.

எதிரெதிராக அமைந்த இலைகளும் மொட்டுகளும் தெரியும்படி, சுமார் 30 செ.மீ. நீளக் கிளையை எடுத்து, ஓர் இலையையாவது அடிப்புறம் மேலே தெரியுமாறு திருப்பி, செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி, ஈரமான தாள்களை நாள்தோறும் மாற்றுங்கள். வசந்தத்தில் தொங்கும் பசுமஞ்சள் பூக்களையும் இலையுதிர்காலத்தில் முதிரும் இறகுக் கனிகளையும் அதே மரத்திலிருந்து தனித்தனியே சேகரித்து, சீட்டுகளில் தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை, சேகரிப்பு எண் ஆகியவற்றுடன் இரண்டும் ஒரே மரத்தினுடையவை என்பதையும் எழுதிவையுங்கள்.