விலை கூடின மடக்குக் கத்தி: காசு எங்க போகுதுன்னு பாத்து வாங்குறது எப்படி

பத்து மடங்கு விலை குடுத்து வாங்குற மடக்குக் கத்தி பத்து மடங்கு நல்லா வெட்டுமான்னு கேட்டீங்கன்னா, வெட்டாது. ரெண்டு மடங்கு கூட சந்தேகம்தான், சில நேரம் கம்மி விலை கத்தியே அதை விட சுலபமா இறங்கும். அப்போ அவ்ளோ காசும் எங்கதான் போகுதுன்னு பிரிச்சுப் பாத்துட்டா, அது உங்களுக்குத் தேவையா இல்லையான்னு நீங்களே சொல்லிடலாம். எல்லாமே ஏமாத்து வேலைன்னு சொல்றவங்களும் சரி, விலை கூடினாலே நல்ல பொருள்தான்னு சொல்றவங்களும் சரி, பாதிதான் பாக்குறாங்க.

முதல் வேலை, ஒரு வாரம் நீங்க என்னத்த வெட்டுறீங்கன்னு கவனிங்க. நிறைய பேருக்கு பார்சல் டேப்பு, அட்டைப்பெட்டி, கயிறு, பிளாஸ்டிக் கவரு, எப்பவாவது ஒரு பழம், அவ்ளோதான். இதுக்கு விக்டோரினாக்ஸ், ஓப்பினெல் மாதிரி கம்பெனிங்களோட ஒரு சாதாரண மடக்குக் கத்தியே தாராளமா போதும். ஓப்பினெல் 1890-லேர்ந்து கிட்டத்தட்ட அதே வடிவத்துல வருது, மரப்பிடி, மெல்லிசு பிளேடு, 1955-ல சேத்த ஒரு வளையத்தைத் திருப்புனா லாக் ஆயிடும். வெட்டுறதுல மட்டும் பாத்தா இதைத் தோக்கடிக்கிற, டைட்டானியம் பிடி போட்ட விலை கூடின கத்தி ரொம்ப கம்மி.

ஏன்னா வெட்டுறது முக்கால்வாசி ஸ்டீல்ல இல்ல, கனத்துல இருக்கு. கத்தி வாய்க்கு நேர் பின்னாடி, தீட்டுன பகுதி முடியுற இடத்துல பிளேடு எவ்ளோ தடிப்புன்னு பாருங்க. அங்க 0.3 மில்லிமீட்டர் இருந்தா அது நல்லா வெட்டுற கத்தி, 0.8 இருந்தா எவ்ளோ தீட்டுனாலும் மக்கர்தான். ஒரு தடி அட்டைப்பெட்டியை எடுத்து நீளவாக்குல வெட்டிப் பாத்தா உடனே தெரியும், மெல்லிசு பிளேடு சரசரன்னு போயிட்டே இருக்கும், தடிச்ச பிளேடு ஒரு சாண் போனதும் ரெண்டு பக்கமும் அட்டையை ஆப்பு அடிச்ச மாதிரி பிளந்துக்கிட்டு கிறீச்னு நிக்கும், அதுக்கு மேல கைதான் வலிக்கும். வேடிக்கை என்னன்னா விலை கூடின கத்தியில நிறையது முதுகுல 4 மில்லிமீட்டர் கனத்தோட வருது, கையில பிடிச்சா கெத்தா இருக்கணும்னு. அந்த கெத்துக்கு அட்டைப்பெட்டிகிட்ட மரியாதை கிடையாது. அதனால ஆன்லைன்ல வாங்குறதா இருந்தா ஸ்டீல் பேரைத் தேடுறதுக்கு முன்னாடி இந்த கனத்தைத் தேடுங்க, கம்பெனிக்காரங்க பெரும்பாலும் போட மாட்டாங்க, அளந்து பாத்து ரிவியூ போடுறவங்க சொல்லுவாங்க.

சரி ஸ்டீல். கம்மி விலைல 8சிஆர்13எம்ஓவி, 420எச்சி மாதிரி வரும், நடுவுல டி2, 154சிஎம், மேல போனா எஸ்35விஎன், எம்390, மேக்னாகட். மேல உள்ளதெல்லாம் பவுடர் முறைல செய்யுறது, உருகுன ஸ்டீலை வாயுவால பீச்சி தூளாக்கி அதை சூட்டுலயும் அழுத்தத்துலயும் திரும்ப ஒண்ணாக்குறாங்க, அதனால உள்ள இருக்குற கார்பைடுங்கிற ரொம்ப கடினமான துணுக்குங்க சின்னதா சீரா பரவி நிக்கும். இந்த வகைல எஸ்30வி-ங்கிற ஸ்டீலை 2001-ல குரூசிபிள் கம்பெனி கத்திக்குன்னே கொண்டு வந்தது, கிறிஸ் ரீவ் மாதிரி கத்தி செய்யுறவங்க அதுல கூட இருந்தாங்க. மேக்னாகட் 2021-ல வந்தது, லாரின் தாமஸ்ங்கிற உலோகவியல்காரர் வடிவமைச்சது, துருவும் பிடிக்காது, சுலபத்துல வாய் துணுக்குத் துணுக்கா பொரிஞ்சு உடையவும் உடையாதுங்கிறதுதான் அதோட பெருமை, அது உண்மையும் கூட.

ஆனா இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியணும்னா நீங்க நிறைய வெட்டணும். தினம் குடோன்ல அட்டையும் கயிறும் வெட்டுற ஆளுக்கு, அடிக்கடி தீட்டுறதுக்குப் பதிலா நாள் கழிச்சு தீட்டுனா போதும்ங்கிறது பெரிய விஷயம். வாரத்துக்கு நாலு பார்சல் பிரிக்கிறவருக்கு ரெண்டுமே ஒண்ணுதான். இன்னொண்ணு, ஸ்டீல் பேரு ஒண்ணா இருந்தாலும் ஹீட் ட்ரீட்மென்ட், அதாவது சூடாக்கி ஆற வெச்சு பதம் குடுக்குறது, ஒண்ணா இருக்காது. அதே ஸ்டீலை ஒருத்தர் 59 எச்ஆர்சில (கடினத்தை அளக்குற அளவு) விடுவார், இன்னொருத்தர் 62-க்கு கொண்டு போவார், ரெண்டும் கையில வேற வேற கத்தி. சாதாரண 420எச்சி-யையே பக் கம்பெனி நல்லா பதம் குடுத்து வருஷக்கணக்கா வித்துட்டு இருக்கு, யாரும் பெருசா குறை சொல்றதில்ல. பிளேடுல பெருசா பேரு பொறிச்சிருக்கேன்னு மயங்காதீங்க, கடினம் எவ்ளோன்னு கம்பெனி சொல்லுதான்னு பாருங்க.

தீட்டத் தெரியாதவங்க இதைக் கண்டிப்பா படிங்க. எஸ்90வி மாதிரி வனேடியம் அதிகமா உள்ள ஸ்டீல்ல வனேடியம் கார்பைடு, சாதாரண சாணைக்கல்லுல இருக்குற அலுமினியம் ஆக்சைடை விட கடினம். கல்லு தேயும், கத்தி சிரிக்கும். அதுக்கு டைமண்ட் தட்டு வேணும், சொரசொரப்பா ஒண்ணு, நைசா ஒண்ணு, அப்புறம் தோல் பட்டை. சாதா ஸ்டீலை அஞ்சு பத்து நிமிஷத்துல வழிக்கு கொண்டு வந்துடலாம். மழுங்குன எம்390-ஐ விட இப்பத்தான் தீட்டுன 420எச்சி எப்பவுமே நல்லா வெட்டும், அதனால கையில இருக்குற பட்ஜெட்டுல முதல்ல தீட்டுற சாமானுக்கு ஒதுக்குங்க, மிச்சத்துல கத்தி. இதை யாரும் கேக்க மாட்டாங்கன்னு தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

அப்போ காசு நிஜமா எங்க போகுது? பிடியிலயும், பொருத்தத்துலயும். 6ஏஎல்-4வி-ங்கிற டைட்டானியக் கலவையை சிஎன்சில (கம்ப்யூட்டர் ஓட்டுற மிஷின்) குடையுறதுக்கு நேரம் ஆகும், டூல் தேயும். கிறிஸ் ரீவ் 90-கள் ஆரம்பத்துல செபென்சாங்கிற மாடல்ல கொண்டு வந்த ஃபிரேம் லாக்குல பிடியோட ஒரு பக்கமே லாக்கா வளைஞ்சு பிளேடோட அடிப்பகுதியை முட்டி நிக்கும். அந்த முட்டுற கோணம் ஒரு இம்மி தப்புனா ஒண்ணு ஒட்டிக்கிட்டு திறக்க வராது, இல்ல வழுக்கி விரல் மேல மூடும். பிளேடு சுத்துற அச்சு, அதாவது பிவட் பக்கத்துல பிளேடோட ரெண்டு முகமும் துல்லியமா இணையா இருக்கணும், அப்பதான் ஸ்க்ரூவை இறுக்குனாலும் ஆட்டமில்லாம சுலபமா திறக்கும். இதையெல்லாம் ஒவ்வொரு பீஸ்லயும் ஒரே மாதிரி கொண்டு வர்றதுக்குத்தான் ஆளும் நேரமும் செலவாகுது. அது வெட்டாது, ஆனா பல வருஷம் கழிச்சும் அதே மாதிரி திறந்து மூடும்.

இதுலயும் இப்போ இடைவெளி குறைஞ்சிருச்சு. சிவிவி, கைசர் மாதிரி சீனக் கம்பெனிங்க, சுலபமா திறக்க பிவட்டுல போடுற பேரிங், பிடிக்குப் போடுற ஜி10, மைக்கார்ட்டான்னு ஒரு காலத்துல மேல்தட்டுல மட்டும் இருந்ததை நடுத்தர விலைக்கு இறக்கிட்டாங்க, பொருத்தமும் நல்லாவே இருக்கு. பேரு தெரியாத கத்தியிலேர்ந்து இந்த இடத்துக்கு வர்றப்போ கிடைக்கிற முன்னேற்றம்தான் பெருசு. அங்கேர்ந்து டைட்டானியத்துக்குப் போறது கொஞ்சம் முன்னேற்றம், அதுக்கும் மேல அலை அலையா கோலம் தெரியுற டமாஸ்கஸ் ஸ்டீல், கலர் கலரா சுட்ட டைட்டானியம், கையால செஞ்ச கஸ்டம்னு போனா அது நகை. நகை வாங்குறது தப்பில்ல, பிடிச்சிருக்குன்னு வாங்குங்க, வேலைக்குன்னு வீட்ல கணக்கு சொல்லாதீங்க.

கையில எடுத்துப் பாக்க முடிஞ்சா இப்படிப் பாருங்க. திறந்து லாக் பண்ணிட்டு, பிடியை ஒரு கையில இறுக்கிப் பிடிச்சு, இன்னொரு கையால பிளேடு முதுகுப் பக்கமா முனைக்குக் கொஞ்சம் கீழ பிடிச்சு இடவலமா அசைங்க. லேசா ஆடுனா ஸ்க்ரூவை இறுக்கி சரி பண்ணிடலாம். அப்புறம் மேலயும் கீழயும் அசைங்க, அதுல டக் டக்னு ஆட்டம் தெரிஞ்சா கத்தியை அங்கேயே வெச்சிட்டு வாங்க, அது லாக்கோட கோளாறு, ஸ்க்ரூவால சரியாகாது. லைனர் லாக் (பிடிக்கு உள்ள இருக்குற மெல்லிசு தகடு வளைஞ்சு பிளேடை முட்டுறது), ஃபிரேம் லாக்குன்னா லாக் பட்டை பிளேடு அடிப்பகுதியோட அகலத்துல மூணுல ஒரு பங்குலேர்ந்து பாதி வரைக்கும் ஏறி நிக்கணும். ஓரத்துல தொட்டும் தொடாம நின்னா ஆபத்து. புதுக் கத்தியிலயே மறுகோடிக்குப் போயிருந்தா, தேயத் தேய நகர்றதுக்கு இடமே இல்லன்னு அர்த்தம். டைட்டானியம் லாக்குன்னா முட்டுற இடத்துல தனியா ஸ்டீல் துண்டு வெச்சிருக்கான்னும் பாருங்க, வெச்சிருந்தா ஒட்டுறதும் தேயுறதும் குறையும்.

அடுத்து வாயை மேல் பாத்து வெச்சு ஒரு விளக்குக்கு நேரா காட்டுங்க. கூரா இருக்குற இடத்துல கோடே தெரியாது, வெள்ளையா மினுக்குன்னு புள்ளியோ கோடோ தெரிஞ்சா அங்க மழுங்கியிருக்கு இல்ல பொரிஞ்சிருக்கு. தீட்டுன பட்டை ரெண்டு பக்கமும் ஒரே அகலமா, அடியிலேர்ந்து முனை வரைக்கும் சீரா போகுதான்னும் பாருங்க, பெரிய விலைக் கத்தியிலயே கோணலா வர்றதுண்டு. கடைசியா பிடியை நல்லா அழுத்திப் பிடிச்சு, அட்டை வெட்டுற மாதிரி ஒரு நிமிஷம் கையை இழுத்துப் பாருங்க, பாக்கெட்ல மாட்டுற கிளிப்பு உள்ளங்கையில குத்துச்சுன்னா வேற எல்லாம் நல்லா இருந்தும் பிரயோஜனம் இல்ல. முதுகை மேசையில ஓங்கி அடிச்சு லாக்கை சோதிக்கிற வேலை மட்டும் வேணாம், நல்ல லாக்கும் அதுல கெட்டுப் போகும்.

சில்லறையா சிலது. மண்ணு, தூசு உள்ள வேலைன்னா பேரிங்கை விட பாஸ்பர் பிரான்ஸ் வாஷர் நல்லது, உள்ள தூசு போனாலும் ஓடும். உப்புத் தண்ணி பக்கம்னா மேக்னாகட், எல்சி200என் மாதிரி ஸ்டீலுக்குக் கூட காசு குடுக்குறது நியாயம். இடதுகைக்காரங்க லாக்கை அந்தக் கையால விடுவிக்க வருதான்னு பாத்துக்கோங்க. லாக் உள்ள கத்தியும் பிளேடு நீளமும் உங்க ஊர் சட்டத்துல எப்படின்னு விசாரிங்க, விமானத்துல கூட எடுத்துட்டு ஏறுற பையில போடவே போடாதீங்க.

பெரிய பேருள்ள மாடல் எதுவா இருந்தாலும் அச்சு அசலா டூப்ளிகேட் வருது, பெட்டி, கார்டு, நம்பர் உட்பட. கம்பெனி தன் சைட்ல போட்டிருக்குற டீலர் லிஸ்ட்ல இருக்குறவர்கிட்ட மட்டும் வாங்குங்க. செகண்ட் ஹேண்டுன்னா ஸ்க்ரூ தலையெல்லாம் சிதையாம இருக்கான்னு முதல்ல பாருங்க, சிதைஞ்சிருந்தா யாரோ தப்பான பிட்டு போட்டு கழட்டியிருக்காங்க, சில கம்பெனி கழட்டுனா வாரண்டி கிடையாதுன்னு சொல்லிடும். பிளேடு தீட்டித் தீட்டி ஒல்லியாயிருக்கான்னு கம்பெனி படத்தோட ஒப்பிட்டுப் பாத்துட்டு அப்புறம் விலை பேசுங்க.