கிரியேட்டினின் நார்மல் என்றால் போதுமா? சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கான கிட்னி பராமரிப்பு

சுகர், பிரஷர் உள்ளவர்கள் கிட்னிக்கென்று பார்ப்பது பெரும்பாலும் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய, இரத்தத்தில் உள்ள ஒரு கழிவு) மட்டும்தான். 1.0 என்று வந்தால் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுவார்கள். வடிகட்டும் திறன் பாதி போன பிறகும் அந்த எண் நார்மலுக்குள்ளேயே நிற்கக்கூடும். சர்க்கரையால் வரும் பாதிப்பில் பெரும்பாலும் அதற்கு முன்பே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கிவிடும்.

லேபில் ‘யூரின் ஏ.சி.ஆர்.’ (சிறுநீரில் அல்புமின், கிரியேட்டினின் விகிதம்) என்று கேளுங்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில், கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் சமயத்தில் கொடுத்தால் பொய்யாக ஏறிக் காட்டும். ஏ.சி.ஆர். 30-க்குக் (மி.கி./கிராம்) கீழே இருப்பது நல்லது. கூடினால் உடனே பதற வேண்டாம். 3 முதல் 6 மாதத்துக்குள் எடுக்கும் மூன்று சாம்பிளில் இரண்டு கூடினால்தான் கணக்கு. கூடவே இ.ஜி.எஃப்.ஆர். (கிட்னி வடிகட்டும் திறனின் கணக்கீடு) பாருங்கள்: 3 மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழேயே இருந்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். டைப் 2 சுகர் என்றால், தெரிந்தவுடனேயே இரண்டும் எடுத்து, பிறகு ஆண்டுதோறும் எடுக்க வேண்டும்.

கசிவு இருந்தால் டாக்டர் டெல்மிசார்டான், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை ஒன்றை எழுதுவார். ஆரம்பித்த 2 முதல் 4 வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறுவது எதிர்பார்த்ததுதான். அதைப் பார்த்துப் பயந்து தாங்களாகவே நிறுத்திவிடுபவர்கள் உண்டு.

உப்பு நாளுக்கு 5 கிராம், தலைதட்டிய ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ‘லோ சோடியம்’ உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் பொட்டாசியம் எகிறும். டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் வகைதான் பெரிய வில்லன். அது வடிகட்டிக்குள் இரத்தம் நுழையும் குழாயைச் சுருக்கும். மேலே சொன்ன பிரஷர் மாத்திரை, இரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்தும். சிறுநீரை அதிகம் போக வைக்கும் நீர் மாத்திரையும் சேர்ந்தால் உள்ளே அழுத்தமே இல்லாமல் வடிகட்டல் படுத்துவிடும். வலிக்கு அளவோடு பாராசிட்டமால் கேளுங்கள்.

வாந்தி, பேதியில் தண்ணீர் தங்காத நாளில் மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரைகள், நீர் மாத்திரை, மேலே சொன்ன பிரஷர் மாத்திரை ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டிவரும். எதை நிறுத்துவது என்று இப்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது. ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்து 24 முதல் 48 மணி நேரத்தில் மற்றவற்றை மறுபடி தொடங்க வேண்டும். விட்டதை விட்டபடியே மாதக்கணக்கில் மறந்துவிடுபவர்களும் உண்டு.