நாடுகளின் பழுப்பு நிலக்கரிப் பயன்பாட்டை ஒப்பிடுவது எப்படி?

எந்த நாடு எவ்வளவு பழுப்பு நிலக்கரியை எரிக்கிறது, அந்த அளவு கூடுகிறதா குறைகிறதா என்று ஆராய்வோர் முதலில் எடுத்துக்கொள்வது டன் கணக்கைத்தான். பிழை நேர்வதும் பெரும்பாலும் அங்கேதான். லிக்னைட் எனப்படும் இந்த எரிபொருளில் ஈரம் மிகுதி. ஆஸ்திரேலியாவின் லாட்ரோப் பள்ளத்தாக்கில் வெட்டியெடுக்கப்படும் நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடோ அதற்கும் மேலோ நீர்தான். ஆகவே, டன் அளவைக் கிலோவுக்கு இத்தனை மெகாஜூல் என்னும் வெப்ப மதிப்பால் பெருக்கிய பிறகே நாடுகளை ஒப்பிட வேண்டும். கிலோவுக்கு 7 மெகாஜூல் தரும் நிலக்கரியை ஒரு நாடு 5 கோடி டன்னும், 14 மெகாஜூல் தருவதை இன்னொரு நாடு 3 கோடி டன்னும் எரிப்பதாகக் கொள்வோம். முதல் நாட்டுக்குக் கிடைப்பது 350 பெட்டாஜூல் (ஒரு பெட்டாஜூல் என்பது 100 கோடி மெகாஜூல்), இரண்டாவதற்கோ 420. எடையில் பின்தங்கிய நாடு ஆற்றலில் முந்திவிடுகிறது.

புள்ளிவிவரத் தொகுப்பின் விளக்கக் குறிப்பையும் படித்துவிடுங்கள். சில தொகுப்புகள் லிக்னைட்டை மட்டும் கணக்கிடுகின்றன. வேறு சில, அதைவிட ஒரு படி உயர்ந்த தரத்தையும் இதே தலைப்பில் சேர்க்கின்றன. அமெரிக்கக் குறு டன் 907 கிலோ மட்டுமே என்பதும் நினைவிருக்கட்டும்.

நுகர்வுக் கணக்கு கிடைக்காத ஆண்டுகளுக்கு உற்பத்திக் கணக்கை ஓரளவு நம்பலாம். ஈரமான, தானே தீப்பற்றக்கூடிய இந்தச் சரக்கைத் தொலைவுக்கு ஏற்றிச் செல்வது கட்டுப்படியாகாது என்பதால், சுரங்கத்தை ஒட்டிய அனல்மின் நிலையங்களிலேயே பெரும்பகுதி எரிந்துவிடுகிறது.

எந்த ஆண்டிலிருந்து ஒப்பிடுகிறோம் என்பதே முடிவைப் பெரிதும் மாற்றுகிறது. இதற்கு ஜெர்மனியைவிடத் தெளிவான பாடம் இல்லை. 1980களின் பிற்பகுதியில் கிழக்கு ஜெர்மனி மட்டுமே ஆண்டுக்கு 30 கோடி டன்னுக்கு மேல் வெட்டியெடுத்தது. 1990இல் இரு நாடுகளும் இணைந்தபின் பழைய ஆலைகள் மூடப்பட்டன. வீடுகளைச் சூடாக்கிய நிலக்கரிக் கட்டிகளின் இடத்தை எரிவாயுவும் எண்ணெயும் பிடித்தன. அளவு செங்குத்தாகச் சரிந்தது. 1990ஐ அடிப்படையாகக் கொண்டு சொல்லப்படும் குறைப்பில், தட்பவெப்பக் கொள்கையின் பங்கு எவ்வளவு, அந்தப் பொருளாதாரச் சரிவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதே நேர்மை. அதேபோல், பெருந்தொற்று ஆண்டான 2020இல் சுமார் 10.7 கோடி டன்னாக இருந்த ஜெர்மானிய உற்பத்தி, எரிவாயு நெருக்கடி மூண்ட 2022இல் சுமார் 13.1 கோடியாக உயர்ந்து, அடுத்த ஆண்டே 2020இன் அளவுக்கும் கீழே இறங்கியது. 2020ஐயும் 2022ஐயும் மட்டும் கோடிட்டு இணைத்தால் இல்லாத ஏற்றம் ஒன்று தோன்றும். பத்தாண்டுத் தொடரையேனும் எடுங்கள்.

கடைசியாக, சரிவின் வடிவத்தைக் கவனியுங்கள். 2017 மார்ச்சில் ஹேசல்வுட் அனல்மின் நிலையம் மூடப்பட்டபோது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தின் பயன்பாடு ஒரே அடியில் இறங்கியது. 2000களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 கோடி டன் வெட்டிய கிரேக்கமோ பல ஆண்டுகளில் படிப்படியாகக் குறைத்தது. ஒவ்வொரு வளைவின் அருகிலும் மூடிய நிலையத்தின் பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொண்டால், நிலையான மாற்றம் எது, விலையால் வந்த தற்காலிக அசைவு எது என்று பிரித்தறியலாம்.